கட்டிலுக்கு அடியில் பதினைந்து பிளேட்

போன மாதம் கணேசன் போன் செய்தான். என்னோடு கடைசிப் பத்து வருடம் வேலை பார்த்தவன். இப்போது ராஜபாளையம் ரோட்டில் சொந்தமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணாச்சி, ஒருத்தரு வேனை வீடு மாதிரிப் பண்ணிக் கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. படுக்கை, அடுப்பு, ஃபேனு எல்லாம் உள்ளயே இருக்கு. கம்பெனி போட்ட பேட்டரி பத்தலயாம், பெருசாப் போடுங்காரு. போட்டா செல்ஃப் மோட்டார் எரிஞ்சிருமோ?"

"எரியாது. செல்ஃப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். வோல்ட் மாறாம இருந்தாப் போதும்."

"அப்போ போட்டுரட்டா?"

"உசரத்தை அளந்தியா?"

"நீளம், அகலம் அளந்தேன் அண்ணாச்சி" என்றான். உயரத்தை விட்டுவிட்டான். "அளந்துட்டுக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கோவில்பட்டியில் ஒரு லாரி ஷெட்டில் ஆறு வருடம் இருந்தேன். ஆசிட் தெறித்த சட்டை அன்றைக்கு ஒன்றும் ஆகாது, துவைத்துக் காயப்போட்டால்தான் சல்லடையாக நிற்கும் என்பது அங்கே கற்ற முதல் பாடம். ஆறு வருடத்தில் ஒரு பேட்டரியைப் பிரித்து, பிளேட் மாற்றி, ஈயம் காய்ச்சி ஊற்றி, மறுபடி மூடத் தெரிந்துவிட்டது. அதோடு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பும் வந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் ஒரு பேட்டரிக் கடைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தபோது அந்த நினைப்பைத்தான் முதலில் கொண்டுவந்து இறக்கினேன்.

கடை சண்முகவடிவு என்ற பெண்ணுடையது. அவருடைய அப்பா ஆரம்பித்தது. அப்பாவுக்குப் பக்கவாதத்தில் கை விழுந்த பிறகு மகள் வந்து கல்லாவில் உட்கார்ந்தார். கணவர் பள்ளிக்கூட வாத்தியார், கடைப் பக்கம் வருவதில்லை. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், ஊரும் வடிவக்கா என்றுதான் சொன்னது.

வடிவக்கா ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு மஞ்சள் அட்டை போடுவார். எந்த வண்டி, எத்தனை பிளேட், ஆறு செல்லிலும் ஆசிட் எவ்வளவு கனம் என்று ஹைட்ரோமீட்டர் என்ன காட்டியது, என்ன பழுது, யார் பார்த்தது, எல்லாம் அதில் ஏறும். "நல்லாருக்குக்கா" என்று சொன்னால் எழுத மாட்டார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "ஆயிரத்து இருநூற்று நாற்பது" என்று எண் சொன்னால்தான் பேனா இறங்கும். ஒரு பழுதைப் பற்றி நான் அடித்துப் பேசினால் மெதுவாகக் கேட்பார்: "முத்து, தெரிஞ்சு சொல்லுதியா, நெனச்சுச் சொல்லுதியா?"

முதல் ஒரு வருடம் அது என் தொழிலைச் சந்தேகப்படுகிற கேள்வி என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு டிராக்டர் அதை மாற்றியது.

திருவேங்கடத்துப் பக்கம் கரிசல் காட்டில் ஒருவர் ஆடுகளை விற்று டிராக்டர் வாங்கியிருந்தார். கடைக்கு வந்து, "பேட்டரி செத்துப் போச்சு, புதுசு எடுத்து வைங்க, சாயந்தரம் வந்து தூக்கிட்டுப் போறேன்" என்றார். நான் பேட்டரியை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். வடிவக்கா, "செத்ததை யாரு பாத்தா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். பையில் செல் டெஸ்டரும் ஹைட்ரோமீட்டரும். இறங்கி இரண்டு மைல் நடை. போய்ப் பார்த்தால் பேட்டரி கல்லு மாதிரி இருந்தது. டெர்மினல்தான் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய்க் கிளாம்ப்பைத் தொடவிடாமல் மூடியிருந்தது. ஒரு செம்பு வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றி, சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டினேன். முதல் அடியிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெந்நி ஊத்தவா வே இம்புட்டுத் தூரம் வந்தீரு?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அவமானமாக இல்லை. வேறு எதெல்லாம் வெந்நீரில் சரியாகியிருக்கும், நான் எத்தனை பேட்டரியைச் சும்மா மாற்றினேன் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். பார்க்காமல் சொல்லக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் புரிந்தது கைக்கு வந்து சேர இன்னும் ஒரு தப்பு பாக்கி இருந்தது.

அருணாசலம் சார் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தாலுகா முழுக்கச் சங்கிலி பிடித்து நடந்த கால்கள். அவருடைய மனைவி கோமதியம்மாளுக்கு முடக்குவாதம். எட்டு வருடமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நடக்க முடியாது. உட்கார்ந்தால் அரைமணி நேரம்தான், பிறகு சாய்ந்துகொள்ள வேண்டும். சார் பென்ஷன் வந்த கையோடு ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கினார். பாடி கட்டுகிற பட்டறையில் கொடுத்து, உள்ளே ஒரு இரும்புக் கட்டில், ஜன்னல் உயரத்துக்குத் தலைமாடு, மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு தட்டு, கூரையில் ஒரு சின்ன ஃபேன், ஒரு விளக்கு என்று ஏற்பாடு செய்தார். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் அப்படி ஒரு வண்டியை யாரும் பார்த்ததில்லை. தெருவில் நின்றால் கூட்டம் கூடிவிடும். காசிக்குப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது.

சார் ஒருநாள் காலையில் கடைக்கு வந்தார். வடிவக்கா அன்றைக்கு இல்லை, தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வர இரண்டு நாள் ஆகும். கடை என் பொறுப்பு.

"முத்து, வண்டி எடுக்க மாட்டேங்கு. மூணாவது தடவை. போற இடத்துல எல்லாம் ஆளைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருக்கு."

"ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும் சார்?"

"நிறுத்துன எடத்துல எல்லாம் ஓடும். உள்ள வெக்கை தாங்காதுல்லா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு பேரு வண்டியத் தள்ளும்போது அவ உள்ள படுத்திருக்கா. அவளுக்குக் கூச்சமா இருக்காம். இனிமே நான் வரலைங்கா. எட்டு வருசம் கழிச்சு வெளிய வந்தவ. லாரிக்குப் போடுத பேட்டரி இருந்தாப் போடு. மறுபடி யாரும் தள்ளக் கூடாது."

வண்டியில் இருந்தது செல்லுக்குப் பதினோரு பிளேட் பேட்டரி. பிளேட் கூடினால் பலம் கூடும். அலமாரியில் நான் சொந்தக் கையால் கட்டிய பதினைந்து பிளேட் ஒன்று சார்ஜ் ஏறித் தயாராக இருந்தது. பேட்டரி இருக்கும் இடம் வேனின் தரையில், முன் சீட்டுக்குப் பின்னால். சரியாக அதற்கு மேலேதான் கட்டிலைப் போட்டிருந்தார்கள். நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன். பேட்டரி உட்காரும் தட்டு போதவில்லை என்று வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் அகலப்படுத்தி வாங்கினேன். இறுக்கிப் பிடிக்கப் பட்டையும் புதிதாக அடித்தேன். மேலே மூடுகிற பலகைதான் உட்காரவில்லை. பழைய பேட்டரிக்கு மேல் தாராளமாக மூடிய பலகை இதற்கு மேல் ஆடியது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

"பலகை வேண்டாம் சார். பேட்டரிக்குக் காத்து வேணும்" என்றேன். அதில் பாதி உண்மை. மீதி, எனக்கு வேலை முடிய வேண்டியிருந்தது.

கோமதியம்மாள் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, பழசை விட இது எம்புட்டுப் பெருசு?"

"ரெண்டு மடங்கு மாதிரிம்மா."

"மாதிரின்னா?"

நான் சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். செல்ஃப் அடித்தபோது இஞ்சின் சீறிக்கொண்டு எழுந்தது. சார் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது வருகிற பேட்டரிகளுக்கு மேல்பக்கம் முழுக்க மூடியிருக்கும். அந்தக் காலத்துப் பேட்டரியில் ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் இணைக்கிற ஈயப் பட்டைகள் மேலேயே வெளியே தெரியும். இரும்பு ஏதாவது அதன்மேல் விழுந்தால் தீப்பொறி பறக்கும். கட்டிலின் அடிப்பக்கம் இரும்புப் பட்டைகளால் பின்னியது. கட்டில் வேனின் பாடியோடு போல்ட் போட்டு முறுக்கியது. பேட்டரியின் ஒரு முனையும் அதே பாடியில்தான். ஒருவர் படுத்தால் பட்டை அவ்வளவாகத் தொய்யாது. இரண்டு பேர் உட்கார்ந்தால் தொய்யும்.

ஆறாம் நாள், கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, சார் மனைவிக்குச் சோறு ஊட்டக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கீழே பளிச்சென்று ஒரு வெளிச்சம். தேங்காய் நார் மெத்தை புகைந்தது. அவர் மனைவியை அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே குதித்தார். ரோட்டில் போன ஒரு மாட்டு வண்டிக்காரர் ஓடிவந்து மெத்தையை இழுத்து மண்ணில் போட்டு மிதித்தார். கோமதியம்மாளின் கணுக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டுவிட்டது. சார் எழுந்ததும் கட்டில் பட்டை மேலே போய்த் தொடுப்பு விட்டிருக்கிறது. அதனால்தான் வண்டி தப்பியது. அவர் உட்கார்ந்தே இருந்திருந்தால், அல்லது மெத்தை புகைவது தெரியாமல் அந்த அம்மாவை உள்ளே விட்டுவிட்டு அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தால் என்று நான் பல வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் நினைக்க முடிந்ததில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். சார், "என் வெயிட்டுதான் காரணம், நான் போய் உக்காந்திருக்கக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வடிவக்கா அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார். அவர் ஒரு வண்டிக்குள் ஏறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பழைய பேட்டரியின் உயரம், புதியதன் உயரம், கட்டில் பட்டைக்கு இருந்த இடைவெளி. மூன்றையும் அளந்து சொன்னார். பழையதற்கு மேலே மூன்று அங்குலம் இருந்திருக்கிறது. நான் போட்டதற்கு மேலே ஒரு அங்குலம்கூட இல்லை.

என் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "உசரம் என்னன்னு எழுத?"

"பாக்கலைக்கா."

'உயரம்: பார்க்கவில்லை' என்று எழுதினார். கோபம் இல்லை. ஆசிட் அளவை எழுதுகிற அதே கையெழுத்து. பிறகு, "அவுகளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது. தன்னாலதான்னு நெனைக்காக."

வடிவக்கா அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த பேட்டரியைக் கேட்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நானே சாரின் வீட்டுக்குப் போனேன்.

இருவரும் முன்னறையில் இருந்தார்கள். அம்மாவின் காலில் மருந்துத் துணி. நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். உயரம் அளக்கவில்லை, பலகையை எடுத்தது காற்றுக்காக இல்லை, தப்பு என்னுடையது, சாருடைய வெயிட்டில் ஒன்றும் இல்லை. சொல்லி முடித்ததும் சார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கோமதியம்மாள் என்னையே பார்த்தார். "நாலு நாளாவே டிக்கு டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. இவுக கட்டில் ஆணின்னாக. நான் ஆணி இல்லன்னேன்."

"மன்னிச்சுருங்கம்மா."

"அது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும். சின்ன பேட்டரி பத்தலன்னு பெருசு போட்டீக. சின்னது எதுக்குப் பத்தல?"

ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, அதனால் இறங்குகிறது என்று சொல்லலாம். ஆனால் ஓடுகிற வண்டியில் டைனமோ மின்சாரத்தைத் திரும்ப ஏற்ற வேண்டுமே. ஏன் ஏற்றவில்லை? இத்தனை நாளும் அதை நானும் கேட்கவில்லை, சாரும் கேட்கவில்லை. எட்டு வருடம் கட்டிலில் கிடந்த ஒருவர் கேட்கிறார்.

"தெரியலம்மா" என்றேன்.

சார் ஒரு டம்ளர் காப்பியோடு வந்தார். என் கையில் கொடுத்தார். "கோவம் இருக்கு. குடி" என்றார்.

மறுநாள் பழைய பதினோரு பிளேட்டையே வண்டியில் திரும்ப மாட்டினேன். பலகையைப் போட்டு மூடினேன். கட்டிலுக்குப் பக்கத்தில், அம்மாவின் கண்ணுக்கு நேரே, ஒரு ஆம்பியர் மீட்டரைப் பொருத்தினேன். ஊசி நடுவில் நிற்கும். பேட்டரிக்குள் மின்சாரம் ஏறினால் வலப்பக்கம் சாயும், பேட்டரியிலிருந்து இறங்கினால் இடப்பக்கம் சாயும். யோசனை வடிவக்காவுடையது. "அந்தம்மா படுத்துக்கிட்டுத்தான இருக்காக, பாத்து எழுதட்டும். அவுக எழுதுனா சரியா இருக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மாதிரின்னா என்னன்னு கேட்டாகன்னு நீதான சொன்ன?" என்றார்.

அந்த அம்மாவைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்ட ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார் காட்டிலும் வயலிலும் அளந்து எழுதிக்கொண்டு வருகிற எண்களை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து, பெருக்கி, கூட்டிப் பரப்புப் போட்டுப் பார்த்தது கோமதியம்மாள்தான். சாருக்குக் கால் பலம், கணக்கில் கொஞ்சம் தடுமாற்றம். முப்பது வருடம் இருவரும் சேர்ந்துதான் அந்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

நான்கு நாள் கழித்து வேன் கடை வாசலில் வந்து நின்றது. வடிவக்கா வெளியே போய், வேனின் பின்கதவில் நின்று நோட்டை வாங்கினார். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. மணி, ஊசி எந்தப் பக்கம், எத்தனை, ஃபேன் உண்டா இல்லையா, வண்டி ஓடுகிறதா நிற்கிறதா, ஓடினால் என்ன வேகம். வேகத்தை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். மைல்கல்லுக்கு மைல்கல் கடிகாரம் பார்த்தாராம்.

வடிவக்கா நோட்டை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஓடும்போதும் இடப்பக்கமே நிக்கே!"

"ஆமா" என்றார் கோமதியம்மாள், உற்சாகமாக. "நானும் அதைத்தான் பாத்தேன். வண்டி நிக்கும்போது இறங்குதது நியாயம். ஓடும்போதும் இறங்குது. ஒரே ஒரு தடவைதான் வலப்பக்கம் போச்சு. பின்னால ஒரு பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு, இவுக பயந்துபோய் வேகமாப் போனாக. அந்தப் பத்து நிமிசம்."

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டைனமோ இஞ்சினோடு சுற்றுவது. ஒரு வேகத்துக்குக் கீழே அது ஏற்றுவதைவிட வண்டியும் ஃபேனும் எடுத்துக்கொள்வது அதிகம். சார் டாப் கியரில் போட்டு, இஞ்சின் முனகாத அளவுக்குத் தொட்டும் தொடாமலும், சைக்கிள் முந்துகிற வேகத்தில் ஓட்டியிருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஃபேன். இதற்கு லாரி பேட்டரி போட்டால் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும், பிறகு அதுவும் படுத்துவிடும். குடத்தைப் பெரிதாக்கினேன், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவில்லை.

"ரோடு பூராக் குண்டும் குழியுமா கெடக்கு" என்றார் சார். "ஒரு குலுக்கலுக்கு அவ முகம் எப்படிச் சுருங்குதுன்னு எனக்குத்தான் தெரியும். கண்ணாடியில பாத்துக்கிட்டேதான ஓட்டுதேன்."

"நான் என்ன முட்டையாங்க?" என்றார் கோமதியம்மாள். "வலிச்சா வலிக்கட்டும். வீட்ல கெடந்தா மட்டும் வலிக்காதா? மெதுவாப் போயி மெதுவாப் போயி ஒரு எடத்தையும் முழுசாப் பாக்க முடியல. பொழுது இறங்கிருது."

வடிவக்கா நோட்டில் ஒரு கணக்குப் போட ஆரம்பித்தார். கோமதியம்மாள் கட்டிலிலிருந்தே அதைத் திருத்தினார்.

முடிவு இப்படி வந்தது. பதினைந்து பிளேட் வேண்டாம். பதின்மூன்று பிளேட், ஆனால் உயரம் குறைந்த பெட்டியில். மேலே இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி. பலகை கட்டாயம், பலகைக்கு அடியில் ரப்பர், ஓரத்தில் காற்றுக்குத் துளை. டைனமோவில் பெல்ட் ஓடுகிற புல்லியைக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கொஞ்சம் சின்னதாகக் கடைந்து மாட்டினால் அதே வேகத்தில் டைனமோ வேகமாகச் சுற்றும். சார் டாப் கியரை விட்டு மூன்றாம் கியரில் ஓட்ட வேண்டும்.

"பின்னால யாராச்சும் இந்த வண்டிய வாங்கிப் பறத்துனா டைனமோ உள்ள கம்பி தெறிச்சிரும்" என்றேன். இந்த முறை தெரிந்துதான் சொன்னேன்.

"அப்போ அதையும் எழுதி ஒட்டு" என்றார் வடிவக்கா.

சோதனை ஓட்டத்துக்கு நானும் போனேன். வாசுதேவநல்லூர்ப் பக்கம் போகச் சொன்னது கோமதியம்மாள். சார் ஓட்டினார், நான் பின்னால் கட்டில் ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்தேன். ஊர் தாண்டியதும் சார் மூன்றாம் கியரிலேயே நின்று காலை அழுத்தினார். வண்டி குலுங்கியது. அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் சுருங்கத்தான் செய்தது. சார் கண்ணாடியில் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"ஊசியப் பாருங்க தம்பி, என்னைப் பாக்காதீக" என்றார் அம்மா.

ஊசி நடுவுக்கு வந்தது. அப்புறம் வலப்பக்கம் சாய்ந்தது. மூன்று, ஐந்து, ஆறு. ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏறுதும்மா!"

"எழுதுங்க, எழுதுங்க. மணியப் போடுங்க."

காசிக்கு எப்போது புறப்படுகிறீர்கள் என்று அப்போது கேட்டேன். அவர் சிரித்தார். "காசிக்கு யாரு போறா? அது ஊர்க்காரங்க சொல்லுதது. நான் கணக்குப் போட்டது எல்லாம் இந்தத் தாலுகாதான தம்பி. எந்தச் சர்வே நம்பர்ல எத்தனை செண்டுன்னு சொல்லச் சொன்னாச் சொல்லுவேன். ஒண்ணைக்கூடக் கண்ணால பாத்ததில்ல. அதைப் பாக்கத்தான் வண்டி."

ஒரு குளத்தங்கரையில் நிறுத்தச் சொன்னார். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. குளத்துக்குக் கீழே நெல் வயல்கள். சாரிடம் சர்வே எண்ணைச் சொல்லி, "அது எது?" என்றார். சார் சற்றுத் தயங்கிவிட்டுக் கையை நீட்டினார். குளத்துக் கரையை ஒட்டிய நாலு மூலை வயல்.

"தம்பி, இது ஒண்ணுதான் எனக்குச் சரியா வராத கணக்கு" என்றார் அம்மா என்னிடம். "நாலு பக்கம், ரெண்டு மூலைக்கோடு. ஒரு மூலைக்கோட்டை வச்சுப் போட்டா ஒரு பரப்பு வரும், இன்னொண்ணை வச்சுப் போட்டா வேற வரும். ஆபீஸ்ல தள்ளிவிடுத அளவு வித்தியாசந்தான், ஒண்ணும் சொல்லல. ஆனா நான் விடல. எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன். எங்கயோ நான்தான் கூட்டலைத் தப்பாப் போடுதேன்."

சார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"நீ தப்பாப் போடல கோமதி. கொளத்துப் பக்கத்தை நான் அளக்கல. அன்னைக்கு மழை. அங்கன முழங்கால் அளவு சேறு. கண்ணால பாத்து இம்புட்டு இருக்கும்னு எழுதிட்டேன்."

நான் இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். கோமதியம்மாள் கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீ ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளை எடுத்து வச்சுக்கிட்டு உக்காரும்போது சொல்லணும்னு நெனைப்பேன்."

"நெனைச்சீக."

"ஆமா."

கோமதியம்மாள் பிறகு தலையணையைச் சரி செய்யச் சொல்லி, ஜன்னல் வழியாக வயல் முழுவதும் தெரியும்படி நிமிர்ந்து சாய்ந்துகொண்டார். நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"டேப்பு இருக்கா வண்டியில?"

சீட்டுக்கு அடியில் இருந்தது. சார் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். அப்போதும் அங்கே சேறுதான். குளத்துப் பக்கம் சர்வே கல்லிலிருந்து கல்லுக்கு, டேப் நீளம் போதாமல் மூன்று முறை நீட்டி அளந்தோம். சார் ஒவ்வொரு முறையும் குனிந்து, டேப் தொய்யாமல் இழுத்து, இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அடையாளம் போட்டார். மூன்றாவது முறை வரப்பில் நிமிர்ந்து நின்று, மொத்த அடியை வேனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

அம்மா அடியைச் சங்கிலிக் கணக்காக மாற்ற வேண்டும், இரண்டு முக்கோணம் போட வேண்டும், பிறகு மற்ற மூலைக்கோட்டில் இன்னும் இரண்டு. நாங்கள் சேற்றிலேயே நின்றுகொண்டிருந்தோம். சாரின் கையில் டேப் சுற்றாமல் தொங்கியது. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து எங்களையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க! வந்துட்டு. ரெண்டும் ஒண்ணு போல வந்துட்டு!"

சார் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த வேன் தாலுகாவைச் சுற்றியது. பேட்டரிக்குத் தண்ணீர் விட மாதம் ஒருமுறை கடைக்கு வருவார்கள். ஒருமுறைகூட யாரும் அந்த வண்டியைத் தள்ளவில்லை. வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனது. அந்த அம்மா எந்த ஊரையும் பாக்கி வைக்கவில்லை.